ஒன்பதாவது டம்ளர் எதற்கு?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 36, அலுவலக வேலை, எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். என் பிரச்சினையைக் கேட்டால் சிரிப்பீர்களோ என்று தயக்கமாக இருக்கிறது. என்னிடம் எட்டு டம்ளர்கள் இருக்கின்றன. மூடி, ஸ்ட்ரா, கைப்பிடியோடு இப்போது எல்லோரும் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பெரிய ஸ்டீல் டம்ளர்கள். போன வாரம் ஒரு புது நிறம் வருகிறது என்று அலாரம் வைத்து எழுந்து காத்திருந்தேன். கார்டு நம்பர் போட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. அன்று முழுக்க எதையோ தொலைத்துவிட்ட மாதிரியே இருந்தது. நான் நகை வாங்குகிறவள் இல்லை, துணிமணி ஆசையும் கிடையாது. தண்ணீர் குடிக்கிற சாமான், உபயோகமான பொருள்தானே என்றுதான் ஒவ்வொன்றையும் வாங்கினேன். "ஒரு வாய்க்கு எட்டு டம்ளரா" என்கிறார் கணவர். இப்போது மகளும் வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது என்று ஒரு குறிப்பிட்ட பிராண்டையே கேட்கிறாள். என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இது என்ன ஆசை? எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

கோளாறு எதுவும் இல்லை, முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். சிரிக்கவும் இல்லை. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வரும், டம்ளருக்குப் பதில் செருப்பு, பேனா, செடித்தொட்டி என்று பொருள் மட்டும் மாறும். ஆலோசனை சொல்ல வருவதற்கு முன்னால் வீட்டுப் பாத்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான், அதனால் நீங்கள் கேட்டதற்கு வாங்குகிறவர் பக்கமிருந்தும் விற்கிறவர் பக்கமிருந்தும் பதில் சொல்ல முடியும்.

உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்த வரி, "உபயோகமான பொருள்தானே" என்பது. எல்லாம் அதில்தான் இருக்கிறது. நகை வாங்கப் போனால் மனசு கணக்குக் கேட்கும், இப்போது அவசியமா, எங்கே போட்டுக்கொண்டு போகப் போகிறாய் என்று நச்சரிக்கும். டம்ளர் வாங்கும்போது அப்படி ஒரு கேள்வியே எழாது. தண்ணீர் குடிப்பது உடம்புக்கு நல்லது, பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவது குறையும், வருடக்கணக்கில் உழைக்கும். மூன்றுமே உண்மை. ஆனால் மூன்றும் உங்கள் முதல் டம்ளரைப் பற்றிய உண்மைகள். முதல் டம்ளருக்குக் கிடைத்த நியாயத்தையே எடுத்து இரண்டாவதுக்கும் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொருத்திக்கொண்டே வந்திருக்கிறீர்கள், அது ஒவ்வொரு முறையும் பொருந்துகிற மாதிரியே தெரியும், ஏனென்றால் எட்டாவது டம்ளரிலும் தண்ணீர் குடிக்கலாம்தானே. பயனில்லாத பொருள் மேல் வருகிற மோகம் சீக்கிரம் அடங்கிவிடும், நாமே கூச்சப்பட்டு நிறுத்திக்கொள்வோம். பயனுள்ள பொருளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது, அதனால்தான் அந்த மோகம் இவ்வளவு தூரம் ஓடுகிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இந்த மோகத்துக்கே பெயர் கொடுத்த ஸ்டான்லி டம்ளரின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி என்பவர் முழுக்க எஃகினால் ஆன வெற்றிட ஃபிளாஸ்க்கை உருவாக்கியது 1913இல். அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அது கட்டட வேலைக்குப் போகிறவர்களும் மலையேறுகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் வைத்திருந்த பொருள், அழகுக்காக யாரும் வாங்கியதில்லை. இப்போது நீங்கள் வைத்திருக்கிற மாதிரியான பெரிய கைப்பிடி டம்ளர், 1.2 லிட்டர் பிடிக்கிற அந்த 'குவென்ச்சர்', 2016இல் வந்தது. வந்த வேகத்தில் ஒன்றும் பறக்கவில்லை. விற்பனை சுமார்தான், 2019 வாக்கில் கம்பெனியே அதைப் புதிதாக ஸ்டாக் போடுவதை நிறுத்திவிட்டது. அந்த நேரத்தில், பெண்களுக்குப் பொருள்களைப் பரிந்துரைக்கும் ஒரு தளத்தை நடத்தி வந்த மூன்று பெண்கள், இது எங்கள் வாசகிகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, நிறுத்தாதீர்கள் என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் தாங்களே கைக்காசு போட்டு 5,000 டம்ளர்களை மொத்தமாக வாங்கி விற்றார்கள். சில நாட்களில் தீர்ந்தது. 2020இல் டெரன்ஸ் ரெய்லி தலைமைக்கு வந்தார், அவர் அதற்கு முன் க்ராக்ஸ் செருப்பை மறுபடி பிரபலமாக்கியவர். அப்புறம் நிறங்கள் வர ஆரம்பித்தன. 2019இல் ஏழு கோடி டாலரை ஒட்டி இருந்த கம்பெனியின் வருட வருமானம் 2023இல் சுமார் 75 கோடி டாலர் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எஃகு அதே எஃகு. இரண்டு சுவர், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், வெப்பம் எளிதில் கடக்க முடியாததால் உள்ளே ஐஸ் நெடுநேரம் கரையாமல் கிடக்கிறது, வெளியே வியர்ப்பதும் இல்லை. இந்த உத்தி 1892இல் ஜேம்ஸ் டுவார் என்ற விஞ்ஞானி மிகக் குளிர்ந்த திரவ வாயுக்களைச் சேமிக்கக் கண்டுபிடித்தது, 1904 முதல் ஜெர்மனியில் தெர்மாஸ் என்று விற்பனைக்கு வந்தது. 2016இல் விற்காத டம்ளருக்கும் 2023இல் வரிசையில் நின்று வாங்கிய டம்ளருக்கும் குளிர்ச்சியில் எந்த வித்தியாசமும் இல்லை. மாறியது, அதைக் கையில் வைத்திருப்பது யார் என்பதுதான். கட்டட வேலைக்காரர் கையில் இருந்தபோது அது ஒரு சாமான். காலையில் உடற்பயிற்சி முடித்துவிட்டு, குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற ஒரு பெண்ணின் கைக்கு வந்தபோது அந்தப் பெண்ணே அதில் ஒட்டிக்கொண்டாள். ரீல்ஸில் நீங்கள் பார்த்தது அவளைத்தான். நானும் அப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியதில் தப்பே இல்லை, அந்த மாதிரி ஒரு ஒழுங்கு வாழ்க்கையில் வர வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை? அந்த ஒழுங்கை வாங்க முடியாது, டம்ளரை வாங்க முடியும். அதனால் டம்ளரை வாங்குகிறோம். ஒழுங்கு வரவில்லை என்றால், சரி, அந்த நிறம் சரியில்லை போலிருக்கிறது என்று அடுத்த நிறம்.

குடிக்கிற பாத்திரத்துக்கு இது புதிதும் இல்லை. 1765இல் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலக் குயவர் இங்கிலாந்தின் அரசி சார்லட்டுக்கு ஒரு தேநீர் செட் செய்து கொடுத்தார், கொடுத்த கையோடு அந்த வகைப் பாத்திரத்துக்கு 'அரசியின் பாத்திரம்' என்று பெயர் வைக்க அனுமதியும் வாங்கிக்கொண்டார். அது இளமஞ்சள் நிறத்தில் சுட்ட மண்பாண்டம். அரசி வாங்கினாள் என்றதும் பிரபுக்கள் வாங்கினார்கள், பிரபுக்கள் வாங்கியதும் கையில் கொஞ்சம் காசு வைத்திருந்த நடுத்தர வீடுகள் வாங்கின. குடிப்பது என்பது தினமும் பல தடவை, அடுத்தவர் கண் முன்னால் நடக்கிற காரியம். தலையணையோ அலமாரியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போக முடியாது. டம்ளர் மேஜை மேல் உட்கார்ந்திருக்கும், மீட்டிங்குக்கு வரும், காரில் வரும், போட்டோவில் ஓரமாகத் தெரியும். குவென்ச்சரின் அடிப்பக்கம் குறுகலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அவ்வளவு பெரிய டம்ளர் காரின் கப் ஹோல்டரில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வடிவம். கூடவே வருகிற பொருளாக அதை ஆக்கியதில் அந்தக் குறுகலான அடிக்கு நிறையப் பங்கு உண்டு.

விலையும் ஒரு காரணம். கார் வாங்கியோ வீடு வாங்கியோ காட்ட வேண்டியதை இந்த விலையில் கொஞ்சம் காட்டிக்கொள்ளலாம், வாங்க முடியாத அளவு உயரத்திலும் இல்லை, எல்லோரும் யோசிக்காமல் வாங்குகிற அளவு மலிவும் இல்லை.

சரி, நிறத்துக்கு வருகிறேன், உங்களைக் காலையில் எழுப்பிவிட்டது அதுதானே. நான் வேலை பார்த்த இடத்தில் வருடத்துக்குச் சில தடவை நிறக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். ஒரு நீள மேஜை, அதன் மேல் வரிசையாகப் பதினைந்து இருபது டம்ளர்கள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே மூடி, ஒரே ஸ்ட்ரா. நிறம் மட்டும் வேறு. புது வடிவம் கொண்டுவர வேண்டுமென்றால் புது அச்சு செய்ய வேண்டும், மாதிரி செய்து பார்க்க வேண்டும், பணமும் மாதங்களும் ஓடும். நிறம் மாற்ற, மேலே பூசும் பவுடர் கோட்டிங் பொடியை மாற்றினால் போதும். அந்த மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, இந்த வெளிர் பச்சையை ஏற்கெனவே பழைய பச்சை வைத்திருப்பவர் வாங்குவாரா என்றுதான் பேசுவோம். டம்ளரே இல்லாதவர்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் நாங்கள் பேசியதாக எனக்கு நினைவில்லை. உங்களைப் போல நாலைந்து வைத்திருப்பவரைத்தான் நினைத்துக்கொண்டு பேசினோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன், அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அளவாகத் தயாரித்து, நேரம் குறித்து, தீர்ந்தால் வராது என்று சொல்வது அடுத்த கட்டம். 1975இல் ஸ்டீஃபன் வொர்ச்செல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒரே பிஸ்கட், சிலருக்குப் பத்து இருக்கிற ஜாடியிலிருந்து, சிலருக்கு இரண்டே இருக்கிற ஜாடியிலிருந்து. இரண்டு இருந்த ஜாடியின் பிஸ்கட்டைத்தான் அதிகம் பேர் விரும்பினார்கள், அதிக விலை பெறும் என்றார்கள். பத்து இருந்த ஜாடியைக் கண்ணெதிரே எடுத்துவிட்டு, மற்றவர்கள் நிறையக் கேட்டதால் குறைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு இருக்கிற ஜாடியைக் கொடுத்தபோதுதான் ஆசை உச்சத்துக்குப் போனது. ருசி மட்டும் கூடவில்லை. உங்களுக்கு அன்று நடந்ததும் இதுதான். வாங்கும் கூடையில், அதாவது கார்ட்டில், போட்டுவிட்டீர்கள், மனசுக்குள் அது உங்களுடையது ஆகிவிட்டது, வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தொலைத்த மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, ரொம்பச் சரியான வார்த்தை, கிடைக்காத வருத்தம் வேறு, தொலைத்த வருத்தம் வேறு. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு இளஞ்சிவப்பு டம்ளருக்காகக் கடை வாசலில் இரவே வந்து காத்திருந்தார்கள், கடை திறந்ததும் நெரிசல், தள்ளுமுள்ளு. அவர்களில் பலரிடம் வீட்டில் ஏற்கெனவே நல்ல டம்ளர் இருந்திருக்கும். நீங்கள் வீட்டிலிருந்தபடி அலாரம் வைத்தீர்கள், அவர்கள் வாசலில் நின்றார்கள், ஆசை ஒன்றுதான்.

தற்செயலும் உதவும். 2023 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு பெண்ணின் கார் எரிந்து கருகிப்போனது, உள்ளே இருந்த டம்ளர் அப்படியே இருந்தது, எடுத்து ஆட்டினால் ஐஸ் சத்தம் கேட்கிறது. அந்த வீடியோ உலகம் முழுக்கப் போனது, கம்பெனி அவருக்குப் புதுக் காரே வாங்கிக் கொடுப்பதாக அறிவித்தது. எந்த விளம்பரத்தாலும் அவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்திருக்க முடியாது.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்தப் பெரிய அளவுக்கு நியாயம் சொல்வது அதுதான். தினம் எட்டு டம்ளர் தண்ணீர் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். 1945இல் அமெரிக்காவின் உணவு ஊட்டச்சத்து வாரியம் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை லிட்டர் என்று எழுதியது, அடுத்த வரியிலேயே இதில் பெரும்பகுதி நாம் சாப்பிடும் உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் எழுதியது. அடுத்த வரியைப் பலர் விட்டுவிட்டார்கள். 2002இல் ஹைன்ஸ் வால்டின் என்ற மருத்துவ ஆய்வாளர் தேடிப் பார்த்து, ஆரோக்கியமாக இருக்கும் எல்லோருக்கும் எட்டு டம்ளர் கட்டாயம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார். வெயிலில் வேலை, சிறுநீரகக் கல், காய்ச்சல் என்றால் மருத்துவர் சொல்கிற அளவு, மற்றபடி தாகம் எடுத்தால் குடிப்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். கையில் இருந்தால் குடிக்கத் தோன்றும் என்பது உண்மை, அதற்கு ஒரு டம்ளர் கையில் இருந்தால் போதும்.

இப்போது என்ன செய்யலாம்?

எட்டையும் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். எஃகு டம்ளர் ஒன்றைச் செய்ய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைவிடப் பல மடங்கு சக்தி செலவாகிறது, நிறைய நாள் உபயோகித்தால்தான் அந்தச் செலவு ஈடாகும், அலமாரியில் நிற்கிற டம்ளர் சூழலுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. அதனால் ஒரு வாரம், வேறு எதுவும் மாற்றாமல், தினமும் எந்த டம்ளரை எடுத்தீர்கள் என்று மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். பெரும்பாலும் கை இரண்டு டம்ளருக்குத்தான் போகும். என்னிடம் வந்த ஒருவருக்கு ஒன்றே ஒன்றுக்குத்தான் போனது, அதுவும் அவர் முதலில் வாங்கிய, பெயிண்ட் உரிந்த டம்ளருக்கு. அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தால் "உபயோகமான பொருள்தானே" என்ற பேச்சை நிறுத்த வேறு யாரும் தேவையில்லை, கணவரும் கிண்டல் செய்ய வேண்டாம். அவர் கேட்டால் ஒன்று சொல்வேன், கிண்டலுக்கு ஆளானவர் அடுத்ததை மறைத்து வாங்குவார், அது இன்னும் மோசம்.

அடுத்த புது நிற அறிவிப்பு வரும்போது அலாரம் வைக்காதீர்கள், விற்பனை முடிந்த பிறகு போய்ப் பாருங்கள். தீர்ந்துவிட்டது என்று திரையில் பார்த்து, பத்து நிமிடம் கழித்து மனசு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். போன வாரம் வந்த வருத்தத்தில் பாதிகூட இருக்காது, ஏனென்றால் இந்தத் தடவை கார்ட்டில் போடவில்லை, அதனால் எதுவும் தொலையவில்லை. அந்த பிராண்டுகளின் அறிவிப்புகளைப் போனில் அணைத்துவிடுங்கள், இது சின்னக் காரியம், ஆனால் நான் சொல்வதில் அதிகம் பலிப்பது இதுதான். பின்னால் விற்றால் விலை வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2019இல் அமெரிக்கப் பள்ளி மாணவிகள் பலரும் ஹைட்ரோ ஃபிளாஸ்க் பாட்டில் கேட்டார்கள், நாலைந்து வருடத்தில் ஸ்டான்லி, அப்புறம் ஒவாலா என்று போய்க்கொண்டே இருக்கிறது. முந்தைய மோகத்தின் பாட்டிலுக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்?

மகள் விஷயம் வேறு. அவள் கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒரே டம்ளர் போலத் தெரிகிறது, ஆனால் ஒன்றில்லை. உங்களுக்கு அது நீங்கள் ஆக விரும்புகிற ஒரு பெண், அவளுக்கு அது மதிய இடைவேளையில் எந்தக் கூட்டத்தோடு உட்காரலாம் என்கிற கேள்வி. பதின்மூன்று வயதில் அது சின்னக் கேள்வி இல்லை. அம்மாவின் பழைய டம்ளரை எடுத்துப் போனால் அது அவளை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாது, அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அடம் என்று நினைக்காதீர்கள். பிராண்ட் எல்லாம் வீண், நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று எட்டு டம்ளர் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னால் அவள் கேட்கவும் மாட்டாள். என் யோசனை, அவள் கேட்டதை ஒன்று வாங்கிக் கொடுங்கள், நிறத்தையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். இது குறைந்தது இத்தனை வருடத்துக்கு என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அடுத்தது வேண்டுமென்றால் அவள் சேமிப்பிலிருந்து. அதோடு நான் மேலே சொன்ன நிறக் கூட்டத்தின் கதையையும் அந்த பிஸ்கட் சோதனையையும் அவளிடம் சொல்லுங்கள், புத்தி சொல்கிற குரலில் வேண்டாம், இப்படியெல்லாம் செய்கிறார்களாம் தெரியுமா என்கிற மாதிரி. தன்னை யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வருகிற கோபம் பெரியவர்களுக்கு வருவதில்லை.

வகுப்பில் எந்த பாட்டிலும் இல்லாத குழந்தையை யாராவது கேலி செய்கிறார்களா என்பதையும் பேச்சுவாக்கில் கேளுங்கள். அப்படி நடந்தால் அது டம்ளர் பிரச்சினை இல்லை, ஆசிரியரிடம் சொல்ல வேண்டிய பிரச்சினை.

கடைசியாக, அந்தத் தாளைப் பார்த்து இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்த டம்ளர்களைப் பற்றி. மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற சிலிக்கோன் வளையத்தை ஒரு குச்சியால் நெம்பி எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதன் அடியில் கருப்பாகப் பூஞ்சை இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள், ஸ்ட்ராவுக்கு மெல்லிய பிரஷ் வேண்டும். நீங்கள் வைத்துக்கொள்கிற இரண்டுக்கும் வாரம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். அப்புறம் டம்ளரைக் கவிழ்த்து அடிப்பாகத்தையும் பாருங்கள். வெற்றிடத்தை அடைக்கச் சில தயாரிப்புகளில் அடியில் ஈயம் கலந்த ஒரு சொட்டு வைத்து அதன் மேல் எஃகு மூடி போட்டிருப்பார்கள், ஸ்டான்லியும் 2024இல் இதை ஒப்புக்கொண்டது. மூடி சரியாக இருக்கும்வரை அது தண்ணீரிலும் படாது, கையிலும் படாது, பயப்பட ஒன்றுமில்லை. அந்த அடிமூடி கழன்றிருந்தால் மட்டும் அந்த டம்ளரை யாருக்கும் கொடுக்காதீர்கள், குறிப்பாகக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு.